பிட்டுமினஸ் நிலக்கரிக் கணப்பு அடுப்பு: தொல்லைகளும் தீர்வுகளும்

அமெரிக்காவின் மேற்குப் பென்சில்வேனியாவிலும் அதை ஒட்டிய மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ மலைப் பகுதிகளிலும் பழைய வீடு வாங்குபவர்களுக்கு, நிலவறையில் ஒரு நிலக்கரிக் கணப்பு அடுப்பும் சேர்ந்தே கிடைப்பதுண்டு. பனிப்புயலில் மின்சாரம் போன இரவில் வீட்டைச் சூடாக வைத்திருக்க அதுபோல் கைகொடுக்கும் பொருள் வேறில்லை. ஆனால் விறகு எரித்த பழக்கத்தில் கரியைக் கொட்டிப் பற்றவைப்பவர்கள் முதல் வாரத்திலேயே புகை, வெடிப்பு, நடுராத்திரியில் அணைந்த தீ என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். அடுப்பைக் குறை சொல்கிறார்கள், அல்லது கரி விற்றவரைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் இருவர் மீதும் பிழை இருப்பதில்லை.

இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். இந்தப் பகுதியில் கிடைக்கும் பிட்டுமினஸ் கரியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கிராதியின் (கரியைத் தாங்கும் இரும்புக் கம்பிச் சட்டத்தின்) மேல் கட்டியாக இருந்து எரிவதில்லை. சூடேறியதும் வாயுவாகவும் தார் ஆவியாகவும் வெளியேறி, கரிப்படுகைக்கு மேலே உள்ள இடத்தில்தான் எரிகிறது. அங்கே அதைப் பற்றவைக்க நெருப்பும், எரிய விடக் காற்றும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் புகை. நெருப்பு தாமதமாக வந்தால் வெடிப்பு. கிழக்குப் பென்சில்வேனியாவில் கிடைக்கும் ஆந்த்ரசைட் என்ற கடினமான நிலக்கரியில் இந்த ஆவிப்பொருள் 8 சதவீதத்தைத் தாண்டாது. அதனால் அதை அடுப்பு நிறையக் கொட்டி, அடிக்காற்றை மட்டும் திறந்துவைத்து எரிக்கலாம். அதற்காக எழுதப்பட்ட அறிவுரையைப் பிட்டுமினஸுக்குப் பின்பற்றினால் தொல்லை நிச்சயம்.

கீழே சொல்வதெல்லாம் நிலக்கரிக்கென்றே செய்யப்பட்ட அடுப்புக்கு: அசைக்கக்கூடிய கிராதி, தீச்செங்கல் உட்சுவர், அடியில் ஒரு காற்றுவழி, கரி போடும் கதவில் இன்னொரு காற்றுவழி. கிராதியே இல்லாத விறகடுப்பில் நிலக்கரி போடுவதற்கு எந்தத் தீர்வும் கிடையாது, போடக் கூடாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலிக்கிறது, அல்லது வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி

அடுப்பைச் சரிசெய்யப் போகாதீர்கள். எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்று 911-ஐக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி என்று சாதாரணக் காய்ச்சலைப்போல் தொடங்கும். வெளியே போனதும் தலைவலி குறைந்தால் சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவில் விற்கும் அலாரங்கள் 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் உடனே ஒலிப்பதில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் ஒலிக்கும்படி அமைக்கப்பட்டவை. 400 பிபிஎம் என்றால் 4 முதல் 15 நிமிடங்களுக்குள் ஒலிக்கும். ஆகவே அலாரம் ஒலித்தால் வாயு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று பொருள். அடுப்பு இருக்கும் தளத்தில் ஒன்று, படுக்கையறைகளுக்கு அருகே ஒன்று எனக் குறைந்தது இரண்டு அலாரங்கள் இருக்க வேண்டும். அலாரம் இல்லாத வீட்டில் நிலக்கரி எரிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கரி போட்ட சில நிமிடங்களில் ‘டம்’ என்ற சத்தம். கதவு இடுக்கில் புகையும் சாம்பலும் பீறிடுகின்றன

புதியவர்களை மிகவும் பயமுறுத்துவது இதுதான், பயப்பட வேண்டியதும்கூட. கனல் முழுவதையும் புதுக் கரியால் மூடிவிட்டீர்கள். அடியிலிருந்து சூடு ஏறுகிறது, கரி வாயுவைக் கக்குகிறது, ஆனால் அந்த வாயுவைத் தொடும் இடத்தில் நெருப்பு இல்லை. அடுப்பின் மேற்பகுதியும் புகைக்குழாயும் எரியாத வாயுவால் நிரம்புகின்றன. பிறகு கரியின் ஏதோ ஒரு விரிசல் வழியே முதல் சுடர் எட்டிப் பார்க்கிறது. சேர்ந்ததெல்லாம் ஒரே நொடியில் பற்றுகிறது. வேகம் மிகுந்தால் புகைக்குழாயின் இணைப்பே கழன்றுவிடும். அப்படிக் கழன்றால் அடுத்தது கார்பன் மோனாக்சைடுதான். அதனால் ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகுகள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

இதைத் தடுக்கக் கரி போடும் முறையை மாற்ற வேண்டும். முதலில் டாம்பரை (புகைக்குழாயில் இழுவையைக் கட்டுப்படுத்தும் தகட்டை) முழுவதும் திறந்து, கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்து சில நொடிகள் பொறுங்கள். உள்ளே வாயு சேர்ந்திருந்தால் அது மெல்ல எரிந்து புகைபோக்கியில் ஏறிவிடும். பிறகு கதவை முழுதாகத் திறந்து, எரியும் கனலைக் கரண்டியால் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். இடப்பக்கம் சிவந்த மேடு, வலப்பக்கம் பள்ளம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். புதுக் கரியைப் பள்ளத்தில் மட்டும் போடுங்கள். மேட்டின் மேல் ஒரு துண்டுகூட உருள வேண்டாம். கதவை மூடி, கதவில் உள்ள மேற்காற்றுத் துளைகளை முழுக்கத் திறந்து வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடங்களில் புதுக் கரியின் விளிம்பில் பழுப்பு நிறப் புகை சுருள்வதும், அது கனல் பக்கம் சாய்ந்த இடத்தில் மஞ்சள் சுடராக மாறுவதும் தெரியும். அந்தச் சுடர் பிடித்துவிட்டால் வெடிப்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த முறை பக்கத்தை மாற்றுங்கள்.

அடுப்பு சிறியது, பக்கம் பிரிக்க இடமில்லை என்றால், நடுவில் கூம்பாகக் குவித்துச் சுற்றிலும் கனல் வளையம் தெரியும்படி போடலாம். அல்லது கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போடலாம். எந்த முறையானாலும் போட்டு முடித்ததும் சிவப்பு எங்கேயாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தெரியவில்லையா? தவறுதலாக முழுவதையும் மூடிவிட்டீர்களா? கதவைச் சட்டென்று திறந்து கிளறாதீர்கள். உள்ளே போகும் காற்றே அந்த வெடிப்பை உண்டாக்கும், அப்போது உங்கள் முகம் கதவுக்கு நேரே இருக்கும். மேற்காற்றைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்று, தானாகப் பற்றும்வரை காத்திருங்கள்.

புகைபோக்கியிலிருந்து அடர்ந்த புகை

வெளியே போய் நிறத்தைப் பாருங்கள். அது பாதி விடையைச் சொல்லிவிடும். மஞ்சள் கலந்த பழுப்புப் புகை என்றால் வாயு பற்றவே இல்லை. மேலே சொன்ன கோளாறுதான், வெடிப்புக்கு முந்தைய நிலை. கறுத்த புகை என்றால் வாயு பற்றியிருக்கிறது, ஆனால் காற்றுப் போதாமல் பாதியில் புகைக்கரியாகிவிட்டது. இதற்கு மேற்காற்றைக் கூட்டுங்கள். அடிக்காற்றைக் கூட்டாதீர்கள். அடிக்காற்று கரியை இன்னும் வேகமாகச் சூடாக்கி இன்னும் அதிக வாயுவைக் கிளப்பும்; புகை பெருகும். கையில் ஒரே ஒரு நெம்புகோல் இருப்பதாக நினைத்துக்கொண்டு சாம்பல் கதவைத் திறப்பவர்கள் அதிகம். அது தீயை ஓங்கச் செய்கிறது, புகையைக் குறைப்பதில்லை.

வாயு நிலை கரி போட்ட பிறகு முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குத்தான் வலுவாக இருக்கும். பின்னர் நீண்ட மஞ்சள் சுடர்கள் அடங்கி, கற்கரியின் (வாயு வெளியேறிய பின் எஞ்சும் கரியின்) மேல் குட்டையான நீலச் சுடர்கள் ஓடும். அப்போது மேற்காற்றைச் சிறிது திறந்திருக்கும் அளவுக்குக் குறைத்துவிடலாம். இல்லையென்றால் குளிர்ந்த காற்று வீணாக உள்ளே போய்ச் சூட்டைப் புகைபோக்கிக்குக் கொண்டுபோகும்.

கரித்தூள் மிகுதியாக இருந்தாலும் புகை வரும். கோழிமுட்டை அளவிலிருந்து கைப்பிடி அளவுவரை உள்ள கட்டிகளே வீட்டு அடுப்புக்கு நல்லது. தூளைத் தனியே சலித்துவைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நன்கு எரியும் தீயில் சிறிது சிறிதாகப் போடலாம்.

புகையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பிட்ஸ்பர்க் நகரில் 1940-களில் நண்பகலிலும் தெருவிளக்கு எரிய வேண்டியிருந்தது. ஆலைகளோடு சேர்ந்து வீட்டு அடுப்புகளும் அதற்குக் காரணம். 1941-இல் கொண்டுவந்த புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1947-இல் வீடுகளுக்கும் செயல்படுத்தினார்கள். இங்கிலாந்தில் வீட்டில் எரிக்கும் பிட்டுமினஸ் கரியின் விற்பனை 2023 மே மாதத்தோடு முற்றிலும் நின்றது. நீங்கள் இருக்கும் ஊரில் இதை எரிக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும், அந்தப் புகையைப் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சுவாசிக்கிறது.

கதவைத் திறந்தால் புகை அறைக்குள் வருகிறது. கந்தக நெடி அடிக்கிறது

இது இழுவைக் குறைவு. புகைபோக்கி குளிர்ந்திருந்தால் இழுக்காது. பற்றவைக்கும் முன் ஒரு செய்தித்தாளை முறுக்கிக் குழாயருகே எரித்து அதைச் சூடாக்குங்கள். பிறகு விறகு, விறகுக் கனல் மேல் மெல்லிய கரி அடுக்கு என்று போங்கள். வெளியே 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் இலையுதிர்கால நாட்களிலும் இழுவை சோர்ந்துதான் இருக்கும். அந்த நாட்களில் விறகோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

குளிரான நாளிலும் புகை திரும்புகிறதென்றால் வீட்டுக்குள் காற்றை வெளியேற்றும் வேறு கருவி ஓடுகிறதா என்று பாருங்கள். துணி உலர்த்தி, குளியலறை மின்விசிறி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சமையலறைப் புகை உறிஞ்சி. மிளகாய் வறுக்கும்போது நாம் அதை முழு வேகத்தில் வைப்போம். இறுக்கமாக அடைத்த வீட்டில் அது புகைபோக்கியிலிருந்தே காற்றைக் கீழே இழுத்துவிடும். அடுப்பு இருக்கும் அறையில் ஒரு ஜன்னலைச் சிறிது திறந்து பாருங்கள். உடனே சரியானால் காரணம் அதுதான்.

அதிலும் சரியாகவில்லை என்றால் உயரத்தைப் பாருங்கள். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும். இழுவையை அளக்கும் சிறிய மானோமீட்டர் ஒன்றை வாங்கி வைப்பது வீண் செலவல்ல. பெரும்பாலான கரி அடுப்புகளுக்கு 0.04 முதல் 0.06 அங்குல நீர்மட்டம் வரை போதுமானது. ஊகித்துக்கொண்டிருப்பதை அது நிறுத்திவிடும்.

தீ மேலே கறுத்துக் கிடக்கிறது. கரி இருந்தும் சூடு இல்லை

இந்தப் பகுதியின் பிட்ஸ்பர்க் படலம் என்ற நிலக்கரி அடுக்கிலிருந்து எடுக்கும் கரி சூடேறும்போது மென்மையாகி, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கற்கரிப் பாளமாகிவிடும். பென்சில்வேனியாவின் கானல்ஸ்வில் ஊர்ச் சூளைகளில் உருக்காலைகளுக்கான கற்கரி செய்ய இந்தக் கரி பெயர்பெற்றதற்கு இதே குணம்தான் காரணம். ஆலைக்கு வரமான அந்தக் குணம் வீட்டு அடுப்பில் காற்றை மறைக்கும் மூடியாகிவிடுகிறது. புகை அடங்கி மஞ்சள் சுடர் குறைந்ததும், கம்பியை மேலிருந்து செருகி ஒன்றிரண்டு இடங்களில் நெம்பி, பாளத்தைப் பிளந்துவிடுங்கள். பிளந்தால் போதும். தோசை திருப்புவதுபோல் அடியிலிருந்து புரட்டக் கூடாது; ஏன் என்பது அடுத்த பகுதியில்.

கிராதி அசையவில்லை, சாம்பலில் பாறைபோன்ற கட்டிகள்

அது கிட்டம், சாம்பல் உருகி மீண்டும் இறுகியது. குளிர்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும், மறுபக்கத்தில் எரியாத கரித்துண்டுகள் பதிந்திருக்கும், கைக்குச் செங்கல் துண்டுபோல் கனக்கும். இரும்புக் கந்தகம் மிகுந்த கரியின் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே உருகும். இந்தப் பகுதிக் கரியில் அது தாராளமாக உண்டு.

கரியை மாற்ற முடியாவிட்டாலும் பழக்கத்தை மாற்றலாம். சாம்பல் இருக்க வேண்டிய இடம் கிராதியை ஒட்டிய அடிப்பகுதி. அடிக்காற்று அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். அடியிலிருந்து கம்பியால் புரட்டினால் அந்தச் சாம்பல் மேலேறிக் கனலின் நடுவே போய் உருகுகிறது. அதனால் மேலே பிளப்பதோடு நிறுத்துங்கள். கீழே கிராதியைக் குறுகலாக, நான்கைந்து முறை மட்டும் அசையுங்கள். முதல் சிவப்புத் துணுக்கு சாம்பல் தட்டில் விழுந்ததும் கையை எடுத்துவிடுங்கள். கிராதியின் மேல் ஓர் அங்குலம் சாம்பல் தங்கியிருப்பது கிராதிக்கும் நல்லது. சாம்பல் கதவைத் திறந்துவைத்துத் தீயை ஓங்கவிடுவதும் கிட்டத்துக்குக் காரணமாகும்.

ஏற்கெனவே கட்டி சிக்கியிருந்தால் கிராதியைப் பலங்கொண்டு ஆட்டாதீர்கள்; வார்ப்பிரும்பு ஒடியும். தீயைத் தணியவிட்டு, கனலை ஒதுக்கி, மேல் கதவு வழியே இடுக்கியால் கட்டியை எடுப்பதே வழி.

சாம்பல் தட்டை நிரம்பவிடுவதும் கிராதியைக் கெடுக்கும். கிராதியின் அடிப்பக்கம் சாம்பல் முட்டினால் குளிர்விக்கும் காற்று நின்றுவிடும். இரும்பு வளைந்து தொங்கும்.

விடிவதற்குள் அணைந்துவிடுகிறது

படுக்கும் முன் இறுதியாகக் கரி போட்டுவிட்டு நேராகப் படுக்கைக்குப் போகிறீர்கள் என்றால் அதுதான் பிழை. அரை மணி நேரத்துக்கும் மேலாக முன்கூட்டியே தொடங்குங்கள். சாம்பலைத் தட்டுங்கள், பாளத்தைப் பிளந்துவிடுங்கள். இல்லையென்றால் ராத்திரியில் அடியில் இருப்பது எரிந்து தீர்ந்து, மேலே பாளம் வளைவுக் கூரையாக அந்தரத்தில் நிற்கும். காலையில் உள்ளே பள்ளம், மேலே எரியாத கரி. பிறகு கனலை முன்பக்கம் இழுத்து, பின்சுவரை ஒட்டிப் பெரிய கட்டிகளைச் சரிவாக அடுக்குங்கள். முன்பக்கச் சிவப்பு தெரிந்தே இருக்கட்டும். வாயு நன்றாகப் பற்றி, நீண்ட சுடர் அடங்கத் தொடங்கிய பிறகே அடிக்காற்றைக் குறையுங்கள். மேற்காற்றை மட்டும் முழுதாக மூடாதீர்கள். தூக்கத்துக்காகக் காற்றையெல்லாம் அடைத்த அடுப்பு வெடிப்புக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் இடம் கொடுக்கிறது. புகைக்குழாய் டாம்பரை எந்த நிலையிலும் முழுக்க மூடக் கூடாது.

குழாய் சிவக்கிறது, அல்லது புகைபோக்கியில் ரயில் ஓடும் இரைச்சல்

குழாய் சிவந்தால் சாம்பல் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்; பத்துக்கு ஒன்பது முறை அதுதான். கதவையும் அடிக்காற்றையும் மூடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், நீராவி உங்களைச் சுடும், வார்ப்பிரும்பு வெடித்துப் பிளக்கும். கைவசம் ஆறிய சாம்பல் இருந்தால் கனல் மேல் தூவலாம்.

இரைச்சல் கேட்டால் புகைபோக்கியில் படிந்த புகைக்கரி தீப்பிடித்திருக்கிறது. காற்றுவழிகள் அனைத்தையும் மூடிவிட்டு வெளியேறி, 911-ஐக் கூப்பிடுங்கள். தீ தானாக அடங்கினாலும், புகைபோக்கியை ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை மறுபடி பற்றவைக்க வேண்டாம்.

முன்புபோல் சூடு வரவில்லை, இழுவையும் மெல்லக் குறைகிறது

புகைக்கரி சேர்ந்துவிட்டது. பிட்டுமினஸ் விடும் புகைக்கரி பஞ்சுபோல் இலேசானது, ஆனால் இரும்புச் சுவரில் படிந்தால் சூட்டை அறைக்குள் விடாது. குழாயின் முழங்கை வளைவையும் கிடைநிலைப் பகுதியையும் கழற்றிப் பாருங்கள். படிவு அங்கேதான் கனமாக இருக்கும். குளிர்காலத்தில் மாதம் ஒரு முறையாவது துலக்க வேண்டும். புகைபோக்கியின் உச்சியில் கம்பி வலை போட்ட மூடி இருந்தால், வலைக்கண்கள் அடைபடுவதும் மிக வழக்கம். கீழே எல்லாம் சுத்தம், இழுவை மட்டும் இல்லை என்றால் மேலே பாருங்கள். தானாக ஆடும் பாரோமெட்ரிக் டாம்பர் இருக்கும் அடுப்புகளில் அதன் கீலிலும் கரி ஒட்டி அசையாமல் நின்றுவிடும்.

கதவுக் கண்ணாடி கறுப்பது பிட்டுமினஸின் இயல்பு. ஆறிய பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். சாம்பலால் தேய்த்தால் கீறல் விழும்.

சாம்பலை எங்கே போடுவது?

மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, மரத்தளம் அல்லாத தரையில். அணைந்ததாகத் தோன்றும் சாம்பலுக்குள் கனல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் ஊரில் விறகுச் சாம்பலைக் கீரைப் பாத்திக்கும் கத்தரிச் செடிக்கும் போட்டுப் பழகியவர்கள் இதையும் அப்படிப் போட்டுவிட வேண்டாம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம் போன்றவை இருக்கின்றன. அது காய்கறி விளையும் மண்ணில் சேரக் கூடாது.

கோடை முடிந்து பார்த்தால் குழாயில் ஓட்டை

எரிந்த கரியின் கந்தகம் குழாயிலும் அடுப்பிலும் படிவோடு தங்கியிருக்கிறது. கோடையின் ஈரக்காற்றை அது உறிஞ்சி அமிலமாக மாறி, இரும்பை அரிக்கிறது. நிலவறையில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். குளிர்காலம் முழுவதும் எரித்ததில் தேய்வதைவிட, சுத்தம் செய்யாமல் விட்ட ஒரே கோடையில் போகும் குழாய்கள்தான் அதிகம்.

ஏப்ரலில் கடைசித் தீ ஆறியதும் சாம்பலை ஒரு துளியும் விடாமல் எடுங்கள். தீச்செங்கல்லுக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து. குழாயைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் துலக்கி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் உட்புறத்தைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். அடுப்புக்குள்ளும் அதே எண்ணெய்த் துணியால் ஒரு தடவை. புகைபோக்கியின் துளையை அடைத்துவிட்டால் ஈரக்காற்று இறங்காது; அடைத்திருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி அடுப்புக் கதவில் கட்டிவிடுங்கள். புதுக் குழாய் வாங்குவதென்றால் 24 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த கறுப்பு எஃகு வாங்குங்கள். புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்குவதென்றால் அது நிலக்கரிக்கு ஏற்றதென்று சான்று பெற்றதா என்று கேளுங்கள். எரிவாயு அடுப்புக்கான அலுமினியக் குழாய் இதற்கு ஒரு நாளும் ஆகாது.